காசு கொடுத்துக் கைதட்டுகிறவர்கள்

சினிமாவில் திருவிழாக் காட்சி எடுக்கிறார்கள் என்றால், கூட்டத்தில் நின்று கையை ஆட்டுகிறவருக்குப் பேட்டா உண்டு, மத்தியானச் சாப்பாடு உண்டு, சங்கத்தில் கார்டு உண்டு. உள்விளையாட்டரங்கில் அதே வேலையை மூன்று நான்கு மணி நேரம் பார்க்கிறவர் தன் கைக்காசைக் கட்டி உள்ளே போகிறார். சாப்பாட்டுக்குத் தனியாக அழுகிறார். தொண்டை கட்டிக்கொண்டு வீடு திரும்பி, 'செம மேட்ச்' என்று ஸ்டேட்டஸும் போட்டுவிட்டுத்தான் படுக்கிறார்.

வீட்டு சோபாவில் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்க்கிறவர்தான் இதில் முதலாளி. அரங்குக்குப் போகிறவர், அந்த முதலாளிக்காகப் பின்னணியில் நின்று ஆர்ப்பரிக்கும் ஆள். நம்பாதவர்கள் 2021-22 புரோ கபடி சீசனை நினைத்துப் பார்க்கலாம். கொரோனா பயத்தில் பன்னிரண்டு அணிகளையும் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரே நட்சத்திர ஹோட்டலில் அடைத்து, பார்வையாளர் ஒருவர்கூட இல்லாமல் மொத்தப் போட்டியையும் நடத்தி முடித்தார்கள். அதே ரெய்டு, அதே பிடி, அதே தகராறு. ஆட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் எங்கள் வீட்டில் பாதி ஆட்டத்திலேயே சேனலை மாற்றினார்கள். புள்ளி எடுத்து வந்த வீரர் தொடையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தால் எதிரே வெறும் சுவர். பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

அடுத்த சீசன் 2022 அக்டோபரில் கண்டீரவா உள்விளையாட்டரங்கில் பார்வையாளர்களோடு தொடங்கியது. எங்கள் வீட்டிலிருந்து நான்கு பேர் நடிக்கப் போனோம்.

பெங்களூருக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு ஒரு தகவல். இவ்வளவு பெரிய ஊரில், ஐடி, விண்வெளி, ஒரு தெருவுக்கு ஒன்பது காபிக்கடை என்று சகலமும் உள்ள ஊரில், கூரை போட்ட பெரிய அரங்கு என்று பார்த்தால் கைவிரல் விட்டு எண்ணலாம். கண்டீரவாவில் சுமார் 4,000 பேர் உட்காரலாம். லண்டன் ஓ2 அரங்கில் 20,000 பேர். நம் டெல்லியிலேயே 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய இந்திரா காந்தி அரங்கு கண்டீரவாவைவிடப் பல மடங்கு பெரியது. அதனால் உலகப் பெரும் பாட்டுக்காரர்கள் வந்தாலும் இந்த ஊரில் வெட்டவெளிதான். ரோலிங் ஸ்டோன்ஸ் 2003-ல் வந்தார்கள், அயர்ன் மெய்டன் 2007-ல், மெட்டாலிகா 2011-ல்; எல்லோரும் அரண்மனை மைதானத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டேதான் வாசித்தார்கள். மெட்டாலிகா இரண்டு நாள் முன்பு குர்கானில் வாசிக்க வேண்டியது. அங்கே நிகழ்ச்சி ரத்தாகி, கோபத்தில் ரசிகர்கள் மேடையையே உடைத்தார்கள். பெங்களூரில் அப்படியெல்லாம் இல்லை. இங்கே கோபம் வந்தால் ஐந்து நட்சத்திரத்தில் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள்.

கண்டீரவா நிற்கும் இடம் ஒரு காலத்தில் ஏரி. சம்பங்கி ஏரி. ஏரியை வற்றவிட்டு ஸ்டேடியம் கட்டிய பிறகும் பக்கத்தில் ஒரு துண்டுக் குளத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். கரகத் திருவிழாவுக்கு அந்தத் தண்ணீர் வேண்டும். சித்திரா பௌர்ணமி இரவில், தர்மராய சுவாமி கோயிலிலிருந்து, பெண் வேடமிட்ட ஓர் ஆண் தலையில் பூக்கரகத்தைக் கையால் தொடாமல் சுமந்துகொண்டு பழைய பெங்களூர் முழுக்க நடப்பார். நடத்துகிறவர்கள் திகளர் சமூகத்தார். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து எப்போதோ வந்து தோட்டம் போட்டுப் பிழைத்தவர்கள். விடிய விடிய லட்சக்கணக்கில் ஜனம் தெருவில் நிற்கும். டிக்கெட் கிடையாது, கைப்பட்டை கிடையாது, 'சத்தம் பத்தலை' என்று மைக்கில் மிரட்ட ஆளும் கிடையாது. பக்கத்திலேயே இப்படி ஒன்று நடக்கிற ஊரில்தான் நான் நான்கு டிக்கெட்டுக்கு 'வசதிக் கட்டணம்' கட்டினேன். யாருடைய வசதி என்று அந்தச் செயலி கடைசிவரை சொல்லவில்லை.

இனி நடிகர்கள்.

என் மாமனார் பூதலூர்ப் பக்கம். வயசுக் காலத்தில் கபடி ஆடியவர். 'ஆடினேன்' என்று அவர் சொல்வதில்லை, 'எறங்குனேன்' என்பார். புரோ கபடியில் அவருக்கு எந்த அணியும் கிடையாது, ஆள்தான் உண்டு. தஞ்சாவூர் மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் 2014-ல் பெங்களூரு புல்ஸில் ஆடியபோது மாமா பெங்களூரு. 2016-ல் அதே சேரலாதன் கேப்டனாக இருந்து பாட்னாவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தபோது மாமா பாட்னா. வீட்டில் தெரியாமல் அவரிடம் 'பீகார்க்காரங்க நல்லா ஆடுறாங்க' என்று சொல்லிவிட்டேன். "பீகார்க்காரன் எங்க ஆடுனான் மாப்பிள்ளே? நம்ம பூதலூர்க்காரன்ல ஆடுனான்" என்றார். அந்த அணியில் மற்ற ஆறு பேரும் ஆற்றைக் கடந்து அடுத்த கரையில் உள்ளவர்கள் என்பதுபோல ஒரு பார்வை.

என் மகள் இங்கே பிறந்தவள். புல்ஸின் சிவப்புச் சட்டை, 'ஃபுல் சார்ஜ் மாடி' கோஷம், எல்லாம் உண்டு. என் மனைவி தமிழ் தலைவாஸ். தலைவாஸ் 2017-ல்தான் லீகுக்குள் வந்தது. அதற்கு முன் மூன்று வருஷம் புல்ஸுக்குக் கைதட்டிவிட்டு, மறுநாளே கட்சி மாறியவள் அவள். எனக்குக் கொள்கை கிடையாது. டிக்கெட், பார்க்கிங், சாப்பாடு மூன்றுக்கும் பணம் கட்டுகிறவனுக்கு அணி வைத்துக்கொள்ளும் பாக்கியம் இல்லை.

அந்த வருஷம் குழப்பத்தின் உச்சம். புல்ஸுக்கு ஆறாவது சீசனில் கோப்பை வாங்கிக் கொடுத்த பவன் செராவத் — இறுதி ஆட்டத்தில் தனியாளாக 22 புள்ளி எடுத்தவர் — 2022 ஏலத்தில் 2.26 கோடிக்குத் தலைவாஸ் அணிக்குப் போய்விட்டார். லீகில் அதுவரை யாரும் அவ்வளவு விலை போனதில்லை. இப்போது அவர் தலைவாஸ் சட்டையில் கண்டீரவாவுக்குள் வருகிறார். மகள் சார்ட் பேப்பரில் ஒரு பக்கம் 'புல்ஸ்' என்றும் மறுபக்கம் 'பவன்' என்றும் எழுதி வைத்துக்கொண்டாள். எந்தப் பக்கத்தை எப்போது காட்டுவது என்று அம்மாவுக்கும் மகளுக்கும் மெட்ரோவில் அல்சூரிலிருந்து கப்பன் பார்க் வரை பேச்சுவார்த்தை. மூன்றே ஸ்டேஷன். உடன்பாடு எட்டவில்லை. மாமாவுக்கு அதில் அக்கறை இல்லை. வெளியே வரும் இடத்தில் பிளாஸ்டிக் டோக்கனை மெஷின் விழுங்கிவிட்டதே என்ற வருத்தத்தில் இருந்தார். ஊருக்கு எடுத்துப்போய் அத்தையிடம் காட்ட நினைத்திருந்தாராம்.

அரங்க வாசலில் சோதனை. இந்தியாவில் எந்த அரங்குக்குப் போனாலும் இந்த மேஜையைப் பார்க்கலாம். அதன்மேல் பவர் பேங்க், சென்ட் பாட்டில், ஹெட்போன், பேனா, சில்லறைக் காசு, குழந்தையின் பால் புட்டி மூடி. ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கைப்பையைத் தலைகீழாகக் கொட்டினால் என்ன விழுமோ அது அத்தனையும் ஆயுதம். காசை எதற்குப் பிடுங்குகிறார்கள் என்று கேட்டால், மைதானத்தில் எறிவார்களாம். உள்ளே சமோசா விற்கும் விலை தெரிந்தவன் ஒரு ரூபாயைக்கூட எறிய மாட்டான்.

மாமாவின் மஞ்சள் பையைத் திறந்தவன் அஸ்ஸாம் பக்கத்துப் பையன். மீசை இன்னும் முடிவு செய்யாத வயசு. ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலையை எடுத்தான், முகர்ந்தான், வைத்தான். சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து விரலால் தொட்டுப் பார்த்தான். கடைசியாகப் பாக்குவெட்டி. பித்தளைக் கைப்பிடி, அதன் முனையில் தேய்ந்துபோன ஒரு கிளி, இரும்பு அலகு மட்டும் வெள்ளையாகத் தீட்டியது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து டக் டக் என்று இரண்டு தடவை மூடித் திறந்தான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒரு அடி தள்ளி நின்றார்கள்.

"யே க்யா ஹை?"

எனக்குத் தெரிந்த இந்தியில் "சுபாரி கட்டர்" என்றேன். 'கட்டர்' என்ற சொல்லை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

"என்னங்க மாப்பிள்ளே கேக்குது தம்பி?"

"பாக்குவெட்டிய உள்ள விட மாட்டாங்களாம் மாமா."

"பாக்கத்தானே வெட்டப் போறேன், ஆளையா வெட்டப் போறேன்? தம்பிகிட்ட சொல்லுங்க, வேணும்னா அதுக்கும் ஒரு வாய் மடிச்சுத் தர்றேன்னு."

இதை இந்தியில் சொல்லும் திறமை எனக்கில்லை. பையன் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டான். தொப்பையும் விசிலுமாக வந்த கன்னடக்காரர், பாக்குவெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அரே, அடகத்தரி!" என்றார். அவருடைய அஜ்ஜியிடம் இதே மாதிரி கிளி வைத்த ஒன்று இருந்ததாம். அது யாரிடம் போயிற்று என்பதில் மூன்று சித்தப்பாக்களுக்குள் இன்றுவரை பேச்சு இல்லையாம். அதைக் கையில் வைத்து வைத்துப் பார்த்தார். உள்ளே விடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. ஆனால் மேஜைமேல் சென்ட் பாட்டில்களோடு போடவும் மனசு வரவில்லை. தன் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "மேட்ச் முகித்மேலே பன்னி, கொடுத்தீனி" என்றார். மாமாவுக்குக் கன்னடம் தெரியாது. "ம்ம், பத்திரம்" என்று தமிழில் உத்தரவு போட்டுவிட்டு உள்ளே நடந்தார்.

உள்ளே போனதும் முதலில் தாக்குவது சத்தம். வெளியில் நடக்கும் விழாவில் சத்தம் வானத்துக்குப் போய்விடும். கூரைக்குக் கீழே அதற்குப் போக்கிடம் இல்லை. மேலே போய் முட்டி மறுபடி நம் தலையிலேயே இறங்கும். ஆட்டம் தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அதற்குள் மைக் பிடித்த ஒருவர் எங்களுக்கு ஒத்திகை நடத்தினார். இடது பக்கம் கத்த வேண்டும், பிறகு வலது பக்கம், பிறகு இரண்டும் சேர்ந்து. "பெங்களூரூ, கேள்தா இல்லா!" என்று காதில் கையை வைத்துக்கொள்வார். இவ்வளவு பெரிய ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்கிறவருக்கு எப்படி ஐயா கேட்கும்? ஆளுக்கு இரண்டு காற்றடைத்த பிளாஸ்டிக் குழல் கொடுத்தார்கள், தட்டி ஒலி எழுப்ப. மாமா அதை வாங்கி இரண்டையும் முதுகுக்குப் பின்னால் அண்டை கொடுத்துச் சாய்ந்துகொண்டார். அந்த அரங்கில் அந்தப் பொருளுக்கு உருப்படியான உபயோகம் கண்டவர் அவர் ஒருவர்தான்.

நீண்ட கொக்குக் கழுத்தோடு ஒரு கேமரா கூட்டத்தின் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. அது எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் ஜனம் துள்ளிக் குதிக்கும். அது போனதும் உட்கார்ந்து போனை நோண்டும். எங்களுக்கு முன்வரிசையில் ஒரு பச்சைச் சட்டைக்காரர். வீட்டுக்குப் போன் போட்டு வைத்துக்கொண்டு, ஆட்டம் முழுக்க எழுந்து நின்றபடியே இருந்தார். "தெரியுறேனா? இப்ப? அந்த மஞ்சள் போர்டுக்கு மேல பாரு... கையத் தூக்குறேன் பாரு..." நாங்கள் அவர் கையைத்தான் நிறையப் பார்த்தோம். கொஞ்சம் நகரச் சொன்னால் திரும்பி, "ஒன் மினிட் சார், மிஸஸ் நோட்தா இதாரே" என்பார். கணவனைப் பார்ப்பதில் இவ்வளவு ஆர்வம் காட்டும் மனைவியைக் குறுக்கே நின்று தடுப்பது பாவம் என்று விட்டுவிட்டேன்.

இதே நகரத்தில் வேறு மாதிரியும் பார்த்திருக்கிறேன். 2017 ஜூலையில் பெண்கள் ஆசியக் கோப்பைக் கூடைப்பந்து பெங்களூரில்தான் நடந்தது. இந்தியப் பெண்கள் பி பிரிவின் இறுதியில் கஜகஸ்தானை 75-73 என்று வீழ்த்தி மேல் பிரிவுக்கு ஏறினார்கள். இரண்டே புள்ளி. அந்த வாரத்தில் ஒரு பகல் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். ஆள் குறைவு. தரையில் ஷூ கிறீச்சிடுவது கேட்டது, பயிற்சியாளர் திட்டுவது கேட்டது, பந்து வளையத்தில் பட்டு யோசிப்பதுகூடக் கேட்டது. யாரும் என்னைக் கத்தச் சொல்லவில்லை. நானாகவே கத்தினேன். நாலு வரிசை தள்ளி ஒரு பள்ளிக்கூட வாத்தியாரம்மா திரும்பிப் பார்த்தார்.

கபடிக்கு வருவோம். அன்றைக்கு ஒரே டிக்கெட்டில் மூன்று ஆட்டம். அதில் இரண்டு ஆட்டத்தில் மோதும் அணிகள் யார் என்றே எங்கள் வீட்டில் யாரும் கவலைப்படவில்லை. தலைவாஸும் குஜராத்தும் மோதும் ஆட்டம்தான் முக்கியம். குஜராத் கேப்டன் சந்திரன் ரஞ்சித் தமிழர் என்று தெரிந்ததும் மாமா அந்த நிமிஷமே குஜராத்துக்காரராகிவிட்டார். "அப்ப அந்தப் பக்கம் இருக்குறதெல்லாம் தமிழ் தலைவாஸ் இல்லையா?" என்று என் மனைவி பல்லைக் கடித்தாள். "பேருல இருந்தா ஆச்சாம்மா? ஆளுல இருக்கணும்ல" என்றார்.

மாமாவுக்கு ஒவ்வொன்றும் அதிசயமாக இருந்தது, எதுவும் பிடிக்கவில்லை. மெத்தை விரித்து ஆடுவது பிடிக்கவில்லை. "விழுந்தா வலிக்கணும் மாப்பிள்ளே. வலிச்சாத்தான் அடுத்த தடவ விழ மாட்டான்." ஊரில் இவர்கள் ஆடியது அறுவடை முடிந்த வயலில், ஆற்று மணல் கொண்டுவந்து பரப்பி, இரண்டு பக்கமும் பெட்ரோமாக்ஸ். கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் போனஸ் புள்ளி என்பதும் பிடிக்கவில்லை. "ஆளத் தொடாமயே புள்ளியா? எதுக்கு? வந்துட்டுப் போனதுக்கா?" வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போகிற கல்யாணக் கணக்காக இருக்கிறது என்றார்.

அதிகமாகப் புண்பட்டது முப்பது விநாடிக் கடிகாரத்தில்தான். ரெய்டுக்குப் போகிறவர் முப்பது விநாடிக்குள் திரும்ப வேண்டும். பெரிய திரையில் எண் குறைந்துகொண்டே வரும், கடைசி ஐந்தைக் கூட்டமே சேர்ந்து எண்ணும். "மூச்சுதானே மாப்பிள்ளே கணக்கு? பாட்டு அந்துச்சுன்னா ஆள் அவுட்டு. நம்ம ராயமுண்டாம்பட்டிப் பக்கம் ஒருத்தன் இருந்தான். உள்ள போனான்னா நீங்க வெத்தல போட்டுத் துப்பிட்டு வந்து பாக்கலாம், இன்னும் பாடிக்கிட்டே நிப்பான். அவனுக்கு முப்பது எண்ணி மணி அடிச்சா, அடிச்சவனத் தூக்கிப் போட்டுருப்பான்."

இப்போதும் ரெய்டர் 'கபடி கபடி' என்று விடாமல் சொல்லியாக வேண்டும் என்பது விதி என்றேன். மாமா மெத்தையைக் காட்டினார். ரெய்டரின் உதடு அசைந்தது. மேலே ஸ்பீக்கர் ஏதோ இந்திக் குத்துப்பாட்டை இடித்துக்கொண்டிருந்தது. "அது கபடின்னு சொல்லுதா, கத்திரிக்கா கிலோ என்ன வெலைன்னு கேக்குதா, யாரு கண்டா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சுற்றிலும் பார்த்தேன். நாலாயிரம் பேரில் பாதிக்கு மேல் பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் கண்ணுக்கு நேரே, கல்லெறி தூரத்தில் நடக்கிறது. அதை விட்டுவிட்டு அதன் படத்தைப் பார்க்கிறார்கள். மீதிப் பேர் திரையில் தெரியும் ஆட்டத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். திரையில் ரீப்ளே வரும், மெதுவாக வரும், யார் விரல் யார் முதுகில் பட்டது என்று வட்டம் போட்டுக் காட்டும். இவ்வளவு சலுகை கிடைக்கும்போது நேரில் ஒரே ஒரு தடவை நடந்து முடிந்துவிடும் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்? மாமா பார்த்தார். அவர் மட்டும் திரைப்பக்கம் திரும்பவே இல்லை.

அதனால்தான் அது நடந்தபோது அவர் முந்திக்கொண்டார். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள், முதல் பாதியிலேயே, பவன் கீழே விழுந்தார். மகள் அப்போது 'பவன்' பக்கத்தைத் தூக்கிப் பிடித்திருந்தாள். எல்லோரும் ரீப்ளேவுக்காகத் திரையைப் பார்த்தோம். மாமா எழுந்து நின்று, "முட்டி போச்சு" என்றார். திரை அதைச் சொல்ல இன்னும் நேரம் இருந்தது. முட்டிதான். அந்த சீசனில் பவன் அதற்குப் பிறகு ஆடவே இல்லை. 2.26 கோடி, சில நிமிஷம். மகள் அட்டையைக் கீழே வைத்துவிட்டு, "தாத்தா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். மாமா வேட்டியைக் கொஞ்சம் தூக்கி, வலது முழங்காலில் நீளமாக ஓடும் ஒரு தழும்பைக் காட்டினார். பக்கத்து சீட்டு ஆசாமியும் எட்டிப் பார்த்தார்.

அரை நிமிஷம் அரங்கு மனிதர்கள் கூடிய இடமாக இருந்தது. பிறகு மைக்காரர் இடது பக்கத்தைக் கத்தச் சொன்னார்.

இடைவேளையில் சாப்பாடு. புரட்டாசிச் சனிக்கிழமை; கடையில் கோழி வகைகள் ஏராளம், சைவம் என்றால் பனீர் ரோல் ஒன்றுதான். விலையைக் கேட்ட மாமா, "தட்டோடயா?" என்றார். தட்டே இல்லை, காகிதத்தில் சுற்றித்தான் தந்தார்கள். மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை.

தலைவாஸ் - குஜராத் ஆட்டம் 31-31 என்று முடிந்தது. எங்கள் வரிசையில் எல்லோரும் எழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், எதற்கென்று தெரியாமல்.

"யாரு மாப்பிள்ளே ஜெயிச்சது?"

"யாரும் இல்ல மாமா. சமம்."

"அப்ப கெடா யாருக்கு?"

பரிசுக் கிடா இல்லை, சமம் என்றால் ஆளுக்கு மூன்று புள்ளி என்று விளக்கினேன். தோற்றாலும் ஏழு புள்ளிக்குள் தோற்றால் ஒரு புள்ளி உண்டு என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மாமா நெகிழ்ந்துவிட்டார். அன்று அவருக்குப் பிடித்த ஒரே விதி அதுதான். "தோத்தவனையும் வெறுங்கையோட அனுப்பக் கூடாதுன்னு எவனோ நெனச்சிருக்கான் பாருங்க" என்று மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கூடவே, இந்த வசதி அவர் காலத்தில் இருந்திருந்தால் திருக்காட்டுப்பள்ளி அணியோடு அந்த வருஷம் அடிதடி வந்திருக்காது என்றும்.

கூட்டம் கலையும்போது வாசலில் கான்ஸ்டபிள்கள் "நிதானவாகி, நிதானவாகி" என்று கையைத் தாழ்த்தித் தாழ்த்திச் சொன்னார்கள். அன்றைக்கு அது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. நாலாயிரம் பேருக்கு இவ்வளவு பந்தாவா என்று. 2025 ஜூன் 4-ஆம் தேதிக்குப் பிறகு சிரிப்பு வருவதில்லை. இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் சின்னசாமி ஸ்டேடியத்தின் வாசலில், ஐபிஎல் கோப்பைக் கொண்டாட்டத்துக்கு வந்தவர்களில் 11 பேர் நெரிசலில் செத்துப்போனார்கள். வீட்டிலிருந்து டிவியில் பார்த்தவர்களுக்கு உள்ளே நடந்த கொண்டாட்டம் தெரிந்துகொண்டிருந்தது. இப்போதெல்லாம் எந்த அரங்கிலும் கடைசி ஆள் போகும்வரை நாங்கள் சீட்டைவிட்டு எழுந்திருப்பதில்லை.

மேற்பார்வையாளர் எங்களுக்காகக் காத்திருந்தார். அவர் ஷிப்ட் முடிந்து விசிலைக்கூடக் கழற்றிவிட்டார், போகவில்லை. பாக்கெட்டிலிருந்து பாக்குவெட்டியை எடுத்துத் துடைத்து மாமா கையில் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "அடிகே இதியா?" என்றார். 'அடிகே' மாமாவுக்குப் புரிந்ததோ, கையை நீட்டிய விதம் புரிந்ததோ, வேட்டி மடியிலிருந்து இரண்டு கொட்டைப்பாக்கை எடுத்தார். சோதனை போட்ட அஸ்ஸாம் பையன் முகம் சுருங்கிவிட்டது. மடியை அவன் தடவிப் பார்க்கவில்லை. மாமா தடுப்புக் கம்பியில் சாய்ந்துகொண்டு பாக்கைச் சீவலாகச் சீவினார். வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, முதுகு நரம்பை நகத்தால் உரித்து, சுண்ணாம்பைத் தொட்டும் தொடாமலும் இழுத்து, மடித்து, முதல் பங்கை விருந்தாளிக்குக் கொடுத்தார். இரண்டாவது பையனுக்கு. ஊரில் 'தாமுல்' பழக்கம் உள்ளவன்தான் போலிருக்கிறது, ஒரே வாயில் போட்டுக்கொண்டான். மூன்று பேரும் ஆளுக்கொரு பாஷையில் ஆட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். மாமா தன் முட்டியை அங்கேயும் ஒரு தடவை காட்டினார். என் மனைவி கடைசி மெட்ரோவுக்கு இன்னும் எத்தனை நிமிஷம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். போய்விட்டது.

ஆட்டோவில் நான்கு பேரும் ஒரு சார்ட் பேப்பரும். அந்த வருஷம் பெங்களூர் பார்த்த மழையில் மிச்சம் இருந்தது தூறிக்கொண்டிருந்தது. கஸ்தூர்பா ரோடு திரும்புவதற்குள் மாமாவின் போன் அடித்தது. ஊரிலிருந்து அத்தை. மாமாவின் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். அவர் வாயில் வெற்றிலை, அதனால் பேச்செல்லாம் அத்தையுடையதுதான்.

"ஏங்க, அந்தப் பவன் புள்ளைக்கு வலது காலாமே? டாக்டரு என்னமோ தடவுனாரு, பக்கத்துலயே காமிச்சாங்க. நீங்க பாத்தீங்களா? அந்த நரேந்தருன்னு ஒரு புதுப் பையன் என்னமா ஆடுறான்! தமிழ்லயே சொன்னாங்க, எல்லாம் புரிஞ்சிச்சு. நானும் மூணாவது வீட்டு செல்வியும் பாத்தோம். வெண்பொங்கல் வச்சிருந்தேன், அவளுக்கும் குடுத்தேன். நீங்க என்ன சாப்ட்டீங்க?"

மாமா பனீர் ரோலைப் பற்றிப் பேச விரும்பவில்லை. "ம்" என்றார்.

"உங்களக்கூட ரெண்டு தடவ காமிச்சாங்க. பேத்தி அட்டையத் தலகீழாப் புடிச்சிருந்தா. மாப்பிள்ளை கொட்டாவி விட்டாரு."

"மேட்ச் ரொம்ப நேரம் போச்சு அத்தே" என்றேன்.

"அதுக்கில்ல மாப்பிள்ளே. நாளைக்கும் போவீங்கள்ல? போனா அந்தப் பச்சைச் சட்டைக்காரன் பின்னால உக்காராதீங்க. கையத் தூக்கித் தூக்கி உங்க ஒருத்தரையும் தெரிய விடாம மறைக்கிறான். கொஞ்சம் எடது பக்கம் தள்ளி உக்காருங்க, அங்கதான் லைட்டு நல்லா விழுது."